ஒலான்சபின் பசி: தம்பிக்கு பேலியோ ஆரம்பிக்கலாமா?

உறையூர் பொண்ணு:
தம்பிக்கு 27 வயது. இரண்டு வருடமாக ஸ்கிசோஃப்ரீனியாவுக்கு (மனச்சிதைவு நோய்) ஒலான்சபின் 15 மில்லிகிராம் சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது முக்கால்வாசி நின்றுவிட்டது, தனியாகக் கடைக்குப் போய் வருகிறான், என்னோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறான். அந்த வகையில் அந்த மாத்திரைக்குக் கோடி கும்பிடு. ஆனால் 58 கிலோ இருந்தவன் இப்போது 81. இரவு ஒரு மணிக்கு மேல் சமையலறையில் பாத்திர மூடி சத்தம் கேட்கும், போய்ப் பார்த்தால் லைட்டைக்கூடப் போடாமல் நின்றபடி, காலைக்கு என்று தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். என்னைப் பார்த்ததும் ஈரக்கையைப் பின்னால் மறைத்துக்கொள்வான். எட்டரைக்குத்தான் ஆறு தோசை சாப்பிட்டுப் படுத்திருப்பான். அப்பா "தின்பதும் தூங்குவதும்தான் உனக்கு வேலை" என்று கத்துகிறார், அவன் ஒன்றும் பேசுவதில்லை.

போன மாதம் மூன்று மாத சர்க்கரை சராசரி எடுத்தோம், 6.1, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு. டாக்டரிடம் கேட்டால் "சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லுங்கம்மா" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்.

இதற்கிடையில் அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். கிறிஸ்டோபர் பாமர் என்று ஹார்வர்டு மனநல மருத்துவர், மனநோய் என்பதே மூளைக்கு சக்தி கிடைப்பதில் வரும் கோளாறு, மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவில் (நம் ஊரில் பேலியோ என்பதும் ஏறக்குறைய இதுதான்) சிலர் தேறியிருக்கிறார்கள் என்கிறார். "ஆறு மாதத்தில் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடலாம்" என்பது சித்தப்பா. பேலியோ ஆரம்பிக்கலாமா? வீட்டில் யாராவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

இருதுருவன்:
சகோதரி, நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் கேளுங்கள். எனக்கு பைபோலார் (இருதுருவ மனநோய்), அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். சில வருடம் முன்பு எல்லோரும் பேலியோ பேலியோ என்று ஆடியபோது நானும் ஒரு சார்ட்டை எடுத்துக்கொண்டு காலையில் நூறு பாதாம், மதியம் முட்டை, ராத்திரி கறி என்று இறங்கிவிட்டேன், டாக்டரிடம் மூச்சு விடவில்லை. கூடவே பிபி இருக்கிறதே என்று உப்பையும் நிறுத்தினேன். முதல் வாரம் மூன்று கிலோ குறைந்தது, ஊரெல்லாம் பெருமை அடித்தேன். பத்தாம் நாள் காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, கை அப்படி ஆடுகிறது, சட்டையெல்லாம் காபி. அப்புறம் வயிற்றுப்போக்கு, நடந்தால் தள்ளாட்டம். மனைவி நான் குடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்றே நினைத்தாள். ரத்தத்தில் லித்தியம் 1.7. எனக்கு 0.8 பக்கத்தில் இருக்க வேண்டியது. இரண்டு நாள் டிரிப்ஸ்.

விஷயம் என்னவென்றால், மாவுச்சத்தை வெட்டினால் முதலில் போவது கொழுப்பு இல்லை, தண்ணீரும் உப்பும்தான். உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கப் பார்க்கும், அதோடு லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். உங்கள் தம்பி லித்தியம் சாப்பிடவில்லை, சரி. ஆனாலும் டாக்டருக்குத் தெரியாமல் எதையும் தொடங்காதீர்கள்.

பேலியோ பாண்டி:
ஒருவருக்குத் தப்பாகப் போனதற்காக முறையையே குறை சொல்லக்கூடாது. எனக்கு இரண்டு வருட டிப்ரஷன், நாற்பது நாளில் போயே போச்சு. எந்த மாத்திரையும் இல்லை. இதையெல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் சொல்வானா? தைரியமாக ஆரம்பியுங்கள்.

நைட் டியூட்டி:
மனநலப் பிரிவில் 11 வருடமாக நர்ஸ். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் அந்த ராத்திரி சோறு. அது தின்னிப்பண்டாரத்தனம் இல்லைம்மா. ஒலான்சபின் மூளையில் ஹிஸ்டமின், செரட்டோனின் ஏற்பிகள் சிலவற்றை அடைக்கிறது, அதனால் "போதும்" என்கிற உணர்வே வராது. வயிறு நிறைந்திருக்கும், பசி அடங்காது. அது போதாதென்று இன்சுலின் வேலை செய்வதையும் கெடுக்கும். அமெரிக்காவில் 2005இல் வந்த கேட்டி என்ற பெரிய ஆய்வில் ஒலான்சபின் எடுத்தவர்களில் 30 சதவீதம் பேருக்கு உடல் எடையில் 7 சதவீதமோ அதற்கு மேலோ கூடியது. உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், அந்தப் பிள்ளை ஒவ்வொரு ராத்திரியும் கையை மறைத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

இப்போது கீட்டோ. சித்தப்பா சொல்வதில் பாதி நிஜம். இந்த உணவு முறை 1921இலேயே மாயோ கிளினிக்கில் வலிப்பு நோய்க்காக வந்தது, குழந்தைகளுக்கு இன்றும் கொடுக்கிறார்கள். வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் மருந்தைத்தான் பைபோலாருக்கும் கொடுக்கிறோம், அதனால் வலிப்புக்குக் கேட்கும் உணவு மனநோய்க்கும் கேட்குமா என்று பார்ப்பது பைத்தியக்காரத்தனம் இல்லை. 2024இல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்கிசோஃப்ரீனியா, பைபோலார் இருக்கும் 21 பேருக்கு நான்கு மாதம் கொடுத்தார்கள், எடை குறைந்தது, பலருக்கு மனநிலையும் தேறியது. ஆனால் 21 பேர்தான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது, முக்கியமாக அவர்கள் மருந்தை நிறுத்தவில்லை. பாமரும் நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறார். மாத்திரையைத் தூக்கிப் போடுவதெல்லாம் சித்தப்பாவின் சொந்தச் சரக்கு. நிறுத்திவிட்டு ஆறாவது வாரம் கட்டிலில் கட்டிக் கொண்டுவந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், சிலருக்கு அடுத்த முறை அதே மருந்து பழையபடி கேட்பதில்லை.

பாண்டி அண்ணனுக்கு: உங்களுக்குத் தேறியது சந்தோஷம், நம்பவும் செய்கிறேன். 2017இல் ஆஸ்திரேலியாவில் டிப்ரஷன் இருந்த 67 பேரை வைத்து ஸ்மைல்ஸ் என்று ஒரு ஆய்வு நடந்தது. 12 வாரம் உணவு ஆலோசனை கிடைத்தவர்களில் 32 சதவீதம் பேர் தேறினார்கள், வெறுமனே பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம். அதில் சாப்பிட்டது கீட்டோ இல்லை, காய், பருப்பு, மீன், முழுத் தானியம், ஆலிவ் எண்ணெய். ஆக டிப்ரஷனுக்கு உணவு உதவுகிறது, ஆனால் டிப்ரஷன் வேறு ஸ்கிசோஃப்ரீனியா வேறு அண்ணே. நீங்கள் முன்பு சுத்த சைவமாக இருந்து முட்டை, கறிக்கு மாறியவர் என்றால் உங்களுக்கு இருந்தது வெறும் வைட்டமின் பி12 குறைபாடாகக்கூட இருக்கலாம்.

உறையூர் பொண்ணு, அடுத்த முறை போகும்போது "எடை கூடுகிறது" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். மாதவாரியாக எடை, இடுப்புச் சுற்றளவு (நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினாலே கவலை), வெறும் வயிற்று சர்க்கரை, கொழுப்பு. அப்புறம் நேராகக் கேளுங்கள்: சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை சேர்க்கலாமா, எடை ஏற்றாத வேறு மருந்துக்கு மெதுவாக மாற்ற முடியுமா. மாற்றுவதில் நோய் திரும்பும் ஆபத்து உண்டு, அது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு. தம்பி சிகரெட் பிடித்தால் அதையும் சொல்லுங்கள். சிகரெட் புகை ஒலான்சபின் அளவைக் குறைக்கும், திடீரென்று நிறுத்தினால் அளவு ஏறும், இதை யாரும் கேட்பதே இல்லை.

சமையல்கட்டு:
என் வீட்டுக்காரருக்கும் இதே மாத்திரை, ஒன்பது வருடம். ராத்திரிப் பசியை நிறுத்த முடியாது, கைக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் மாற்ற முடியும். பிரிட்ஜைப் பூட்டிப் பார்த்தேன், மனுஷன் வெறும் சர்க்கரையை டப்பாவோடு சாப்பிட்டார், அன்றைக்கே பூட்டைத் தூக்கிப் போட்டேன். இப்போது ராத்திரி சோறு மிச்சம் வைப்பதில்லை. கொண்டைக்கடலைச் சுண்டலும் இரண்டு அவித்த முட்டையும் மூடி வைத்துவிடுவேன். இன்னொன்று, வாய் உலர்ந்து போகும், அந்தத் தாகத்துக்கு பாட்டில் பாட்டிலாக கலர் குடிப்பார்கள். எங்கள் வீட்டில் எடையில் பாதி அதில் வந்ததுதான். பானை நிறைய நீர்மோர் வையுங்கள்.

உறையூர் பொண்ணு:
எல்லோருக்கும் நன்றி. நேற்று போய்வந்தோம். இடுப்பு 98 செ.மீ. டேப் எங்கள் அம்மாவின் தையல் டேப்தான், அவனே பிடித்துக்கொண்டான். சீட்டைப் பார்த்ததும் டாக்டர் இந்த முறை கால்மணி நேரம் பேசினார். ஒலான்சபினை இப்போதைக்குத் தொட வேண்டாம், மெட்ஃபார்மின் 500 காலை இரவு, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. கீட்டோ வேண்டாம் என்று சொல்லவில்லை, டயட்டீஷியன் இல்லாமல் வேண்டாம் என்றார். அப்பாவுக்கு நைட் டியூட்டி அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு சந்தேகம், மெட்ஃபார்மின் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா? சீட்டில் எழுத்து புரியவில்லை.

நைட் டியூட்டி:
சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். முதல் வாரம் வயிறு கொஞ்சம் கலக்கும், பயப்படாதீர்கள். வருடம் ஒருமுறை பி12 பார்க்கச் சொல்லுங்கள், மெட்ஃபார்மின் அதைக் குறைக்கும்.