2015 பிஎம்டபிள்யூ 530டி: மன்னார்குடியில் வைத்துப் பராமரிக்க முடியுமா?

வடுவூர்_வளைவு (மன்னார்குடி):

2015 மாடல் பிஎம்டபிள்யூ 530டி எம் ஸ்போர்ட், எஃப்10 பாடி (அந்தத் தலைமுறைக்குக் கம்பெனி வைத்த குறியீடு). சென்னைப் பதிவு, இரண்டாவது ஓனர், ஓடியது 82,000 கி.மீ. என்று காட்டுகிறது. விலை 16 லட்சம் சொல்கிறார்கள். என்னிடம் மொத்தமே 20 லட்சம், கடன் வாங்குவதாக இல்லை. வாரத்தில் ஐந்து நாள் தஞ்சாவூர் போய் வர வேண்டும், மாதத்தில் இரண்டு முறை சென்னை. கடைத்தெரு, வயல் பக்கம் போக வீட்டில் சின்ன வண்டி தனியாக இருக்கிறது.

இந்த விலைக்குப் புது எஸ்யூவி எடுக்கலாமே என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஆறு சிலிண்டர் இன்ஜின் வேண்டும், அதனால் அந்த ஒப்பீட்டை விட்டுவிடுங்கள். வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும், வருடத்துக்கு என்ன செலவாகும், டைமிங் செயின் (வால்வுகளை இயக்கும் இன்ஜின் உட்சங்கிலி) பற்றிய பயம் எவ்வளவு நியாயமானது? இந்த மூன்றையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

குடந்தை_டார்க்:

செயினிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இதில் இருப்பது என்57 இன்ஜின், 2,993 சிசி, 258 குதிரைத்திறன், 560 என்எம். டைமிங் செயின் இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. மாற்றுவதென்றால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்காமல் முடியாது. செயின் விலை பெரிதில்லை, கூலிதான் பெரிது. பெயர் கெட்டுப்போனது முக்கியமாக நான்கு சிலிண்டர் என்47, அதுவும் 2011-க்கு முன் வந்தவை. என்57-இல் இது அவ்வளவு பரவலாக இல்லை. ஆனால் வண்டியின் கணினி காட்டும் 25,000 கி.மீ. கணக்கை நம்பி ஆயில் மாற்றிய வண்டியில் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு சீக்கிரம் தேயும்.

சோதிக்க எளிய வழி குளிர்ந்த ஸ்டார்ட். காலையில் நீங்கள் வரும்வரை கிளப்பக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் அன்றைக்குப் பார்க்காமல் திரும்பிவிடலாம். ஸ்டார்ட் ஆனதும் ஒருவர் உள்ளே உட்கார்ந்து 1,500 முதல் 2,000 ஆர்பிஎம் வரை மெதுவாக ஏற்றட்டும். நீங்கள் பானெட்டைத் திறந்து, இன்ஜினின் டேஷ்போர்டை ஒட்டிய பக்கம் காதை வையுங்கள். டீசல் தட்டலுக்கு மேல் தனியாக ஒரு இரும்பு உரசல் கேட்டால் வண்டி வேண்டாம், விலை குறைத்தாலும் வேண்டாம். முன்பக்கத்தில் தடதடப்பு இருந்தால் அது வேறு கதை: கிராங்க் புல்லியில் உள்ள ரப்பர் வெடித்திருக்கலாம். அது செலவுதான், ஆனால் இன்ஜினை இறக்க வேண்டியதில்லை.

அடுத்தது இஜிஆர் கூலர், அதாவது புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்துத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் பாகம். இதன் உள்ளே கூலண்ட் கசிந்து கரியோடு சேர்ந்தால் தீப்பிடிக்கக்கூடும் என்று 2018-இலிருந்து பல நாடுகளில் இந்த வகை டீசல்களை பிஎம்டபிள்யூ திரும்ப அழைத்தது. சேசிஸ் எண்ணின் கடைசி ஏழு எழுத்துகளை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கொடுத்து, இந்த வண்டிக்கு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள். வெளியே சொட்டே இல்லாமல் கூலண்ட் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் முதல் சந்தேகம் இந்தக் கூலர் மேல்தான்.

மூன்றாவது தெர்மோஸ்டாட். திறந்தபடி மாட்டிக்கொண்டால் இன்ஜின் 88 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்காமல் 70-75-இலேயே ஓடும். மீட்டரில் எந்த எச்சரிக்கையும் வராது. ஆனால் டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) தன் கரியை எரித்துச் சுத்தம் செய்வது தடைப்படும், ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அற்பமான ஒரு பாகம் பெரிய செலவில் கொண்டுபோய் விடும் இடம் இது. வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவியை மாட்டி நெடுஞ்சாலையில் 20 நிமிடம் ஓட்டி வெப்பநிலையைப் பாருங்கள். அப்படியே டிபிஎஃப்பில் சேர்ந்த கரி அளவு, கடைசியாக எரித்து எத்தனை கி.மீ. ஆனது, ஆறு இன்ஜெக்டர்களின் திருத்த அளவு (ஒவ்வொன்றும் பீய்ச்சும் டீசலில் கணினி செய்யும் கூட்டல் குறைத்தல்) மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு இன்ஜெக்டர் மட்டும் மற்ற ஐந்தை விட்டு விலகி நின்றால் அதற்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

82,000-ஐயும் நம்ப வேண்டாம். ஓடிய தூரம் மீட்டரில் மட்டும் இருப்பதில்லை, வேறு கன்ட்ரோல் யூனிட்களிலும் சாவியிலும்கூடப் பதிகிறது. பிஎம்டபிள்யூவின் இஸ்டா மென்பொருள் வைத்திருக்கும் பட்டறையில் எல்லாவற்றையும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

திருவாரூர்_ஸ்பானர்:

செலவைச் சொல்கிறேன். ஷோரூமுக்கு வெளியே, நல்ல பட்டறையில், கம்பெனிக்கே பாகம் செய்துதரும் பிராண்டுகளை வாங்கிப் போட்டால் ஆகும் தோராயக் கணக்கு இது. ஷோரூமில் இதைவிடக் கூடும்.

ஆயில் சர்வீஸ் 14 முதல் 18 ஆயிரம். ஆயில் பிஎம்டபிள்யூவின் லாங்லைஃப்-04 தரம், 5டபிள்யூ-30. கியர்பாக்ஸ் ஆயில் 50 முதல் 65 ஆயிரம். முன் பிரேக் பேட் சென்சாரோடு 12 முதல் 18, டிஸ்க் ஜோடி 25 முதல் 40. ஏஜிஎம் பேட்டரி 25 முதல் 35. ரன்ஃபிளாட் டயர் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடுவது) நான்கும் சேர்த்து 1 லட்சத்துக்கு மேல். முன் சஸ்பென்ஷன் ஆர்ம்கள் முழுசாக 60 முதல் 90 ஆயிரம். டெல்டா சாலையில் இதுதான் முதலில் போகும்: 80 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் உதறினால் டிஸ்க்கை மாற்றுமுன் டென்ஷன் ஸ்ட்ரட் என்ற முன் ஆர்மின் புஷ்ஷைப் பாருங்கள். ரப்பர் கிழிந்து உள்ளிருக்கும் எண்ணெய் வழிந்திருக்கும்.

பேட்டரியைச் சும்மா மாற்றி விட்டுவிடக் கூடாது. புதியதைக் கணினியில் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் பழைய, களைத்த பேட்டரிக்கு ஏற்றது போலவே சார்ஜ் ஏற்றிப் புதியதையும் கெடுத்துவிடும்.

பெரிய அடிகள் இவை: இன்ஜெக்டர் ஒன்று 30-40 ஆயிரம், டர்போ 2 லட்சத்துக்கு மேல், செயின் வேலை 3 லட்சத்தை ஒட்டி. எல்லாம் வராது, ஆனால் ஏதாவது ஒன்று வந்தால் கொடுக்கக் கையில் இருக்க வேண்டும்.

உங்கள் கணக்குக்கு வருவோம். வண்டி 16. இன்சூரன்ஸ் 60 ஆயிரம் வைத்துக்கொள்ளுங்கள் (1,500 சிசிக்கு மேல் என்பதால் மூன்றாம் தரப்புப் பிரீமியமே 2022-இல் நிர்ணயித்தபடி 7,897 ரூபாய்). வாங்கியவுடன் எல்லா ஆயில், ஃபில்டர், கூலண்ட், பிரேக் ஆயில், கியர்பாக்ஸ், டயர் என்று 2.2 லட்சம். ஆக 18.8. மிச்சம் 1.2 லட்சம். இது போதாது, தம்பி. 14.5-க்குள் படிந்தால் மிச்சம் 2.7 லட்சம் நிற்கும், அப்போது வாங்கலாம். அதற்குப் பிறகு ஆண்டுக்கு சராசரி ஒன்றரை லட்சம் பராமரிப்புக்கு மட்டும் என்று மனதை ஆயத்தப்படுத்திக்கொள்ளுங்கள். சும்மா நிற்கிற வருடத்திலும் இந்தப் பணத்தைத் தனியாகப் போட்டு வையுங்கள். அடுத்த வருடம் அது தேவைப்படும்.

நாகை_உப்புக்காற்று:

உங்கள் ஓட்டத்தைப் பார்த்தால் டீசல் சரிதான். வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் ஒரு நடைக்கு ஏறக்குறைய 40 கி.மீ., டிபிஎஃப் சூடேற அது போதும். மன்னார்குடிக்குள்ளேயே நான்கு கி.மீ. ஓட்டம் என்றிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

ஆனால் டிபிஎஃப் எரிக்கும்போது புகைபோகும் வழி 600 டிகிரியைத் தொடும். நம் பக்கம் அறுவடைக் காலத்தில் சாலையில் வைக்கோல் கிடக்கும், உளுந்துச் செடியைப் பரப்பி வண்டி ஏறட்டும் என்று விட்டிருப்பார்கள். உயரமான வண்டிக்கு அது ஒன்றும் செய்யாது. இந்தக் காருக்குத் தரை இடைவெளி சுமார் 140 மி.மீ. மட்டுமே. வைக்கோல் அடியில் சுற்றிக்கொண்டு சூடான பாகத்தில் ஒட்டினால் புகையும். சுற்றி ஓட்டுங்கள், முடியாவிட்டால் கடந்ததும் நிறுத்திக் குனிந்து பார்த்துப் பிடுங்கிப் போடுங்கள். காய்ந்த வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தவே கூடாது. இன்ஜினுக்கு அடியில் வரும் மூடியைப் பல பட்டறைகளில் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டுவதில்லை. இந்த வண்டியில் அது இருக்கிறதா, எல்லா ஸ்குரூவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எலியை மறக்காதீர்கள். வயல் அறுத்ததும் எலி வீட்டுப் பக்கம் வரும். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள், வாரத்துக்கு ஒருமுறை பானெட்டைத் திறந்து புழுக்கையும் கடித்த பஞ்சும் கிடக்கிறதா என்று பாருங்கள். ஒரு சென்சார் ஒயர் அறுந்தாலே வண்டி வேகம் எடுக்காது.

டயர் பஞ்சரானால் ரன்ஃபிளாட் 80 கி.மீ. வேகத்துக்கு மிகாமல் சுமார் 80 கி.மீ. தூரம் போகும். ஆனால் ரிம்மிலிருந்து கழற்ற நல்ல மெஷின் வேண்டும், ஊர்ப் பஞ்சர் கடையில் கம்பி போட்டு நெம்பினால் ரிம் போகும், பிரஷர் சென்சார் இருந்தால் அதுவும் போகும். பள்ளத்தில் விழுந்து பக்கச்சுவர் புடைத்திருந்தால் அந்த டயர் முடிந்தது. ரிம்மின் உள்பக்கத்தையும் கையால் தடவி வெடிப்பைத் தேடுங்கள். 19 அங்குல ரிம் இருந்தால் 18-க்கு இறங்கி 245/45 டயர் போடுவது நம் சாலைக்கு நல்லது. சாதா டயருக்கு மாறினால் நான்கையும் மாற்றி, டிக்கியில் ஒரு ஸ்பேரும் பம்பும் வையுங்கள்.

வடுவூர்_வளைவு:

அண்ணன்களுக்கு நன்றி. விற்பவரிடம் கேட்டேன். 58,000 வரை ஷோரூம் பில் இருக்கிறது, அதற்குப் பிறகு வெளியே செய்திருக்கிறார், பில் பாதிதான். கியர்பாக்ஸ் ஆயில் மாற்றவே இல்லை, "ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்கிறார். செயினை முன்னெச்சரிக்கையாக மாற்றிவிடலாமா?

குடந்தை_டார்க்:

சத்தம் வராதவரை செயினைத் தொட வேண்டாம். ஆயிலை 10,000 கி.மீ.க்கு ஒருமுறை, அல்லது வருடம் ஒருமுறை, எது முந்துகிறதோ அப்படி மாற்றுங்கள். அதுதான் செயினுக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம்.

கியர்பாக்ஸ் இசட்எஃப் எட்டு கியர் பெட்டி. ஆயுள் முழுக்க என்று கார் கம்பெனி சொல்கிறது. பெட்டியைச் செய்த இசட்எஃப் 80,000 முதல் 1,20,000 கி.மீ. அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. இந்த வண்டிக்கு வருடக் கணக்கே தாண்டிவிட்டது. அடித்தட்டு பிளாஸ்டிக், ஃபில்டர் அதிலேயே ஒட்டி வருவதால் தட்டோடுதான் மாற்ற வேண்டும். லைஃப்கார்ட் 8 ஆயில் ஏழு லிட்டர் வாங்கி வையுங்கள். மெஷின் வைத்து அழுத்தத்தில் ஃப்ளஷ் செய்ய ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அளவு பார்ப்பதில்தான் பல பட்டறைகள் தவறுகின்றன. வண்டி சமமாக லிஃப்டில் நிற்க வேண்டும், இன்ஜின் ஓட வேண்டும், எல்லா கியருக்கும் ஒருமுறை மாற்ற வேண்டும், ஆயில் வெப்பம் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது நிரப்பும் துளையிலிருந்து மெல்லிய இழையாக வழியும்வரை ஊற்ற வேண்டும். ஸ்கேனர் இல்லாமல் வெப்பம் தெரியாது. ஸ்கேனர் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது 2-லிருந்து 1-க்கு இறங்கி நிற்கும் இடத்தில் பின்னாலிருந்து தள்ளுவது போல் குலுங்குகிறதா என்று கவனியுங்கள். லேசாக என்றால் பெரும்பாலும் ஆயிலில் சரியாகும். சூடான பிறகு கியர் வழுக்கினால் ஆயில் காப்பாற்றாது.

தஞ்சை_ஆர்சிபுக்:

பேப்பர் விஷயம் யாரும் சொல்லவில்லை. சென்னையில் 2015 டிசம்பரில் வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம். இந்த வண்டி இரண்டையும் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தை விற்பவரை எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேறு படிந்த கோடு அங்கே மறையாது. முன் கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சை அழுத்துங்கள். எஃப்10-இல் பேட்டரி டிக்கியின் வலப்பக்கம் இருக்கிறது, அந்தக் குழியில் துரு, பச்சை பிடித்த ஒயர் முனை இருந்தால் விட்டுவிடுங்கள். சன்ரூஃப் வடிகால் அடைத்தும் கார்ப்பெட் நனையும், அதற்குச் சேறு இருக்காது.

ஆர்சி பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். கடன் இருந்திருந்தால் வங்கித் தடையின்மைச் சான்றும், ஆர்சியிலிருந்து கடனை நீக்கும் படிவம் 35-உம். இ-சலான் நிலுவை பாருங்கள். இன்சூரன்ஸ் பெயர் மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் சலுகை உங்களுக்கு வராது. இன்ஜின் பாதுகாப்பு சேர்ப்பு கிடைத்தால் எடுங்கள், இந்த வயது வண்டிக்கு எல்லாக் கம்பெனியும் தராது. பதிவு 2030 வரை, அதன் பிறகு தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும்.

இதைவிட மலிவாக டெல்லி வண்டி ஒன்று உங்கள் கண்ணில் படும். அங்கே பத்து வருட டீசலுக்குக் கொண்டுவந்த தடையால்தான் அந்த விலை. அங்கிருந்து தடையின்மைச் சான்று (படிவம் 28) வாங்கி, இங்கே வயதுக்கேற்பக் குறைத்த ஆயுள் வரி கட்டி, மறுபதிவு செய்து முடிக்கும்போது லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

திருவாரூர்_ஸ்பானர்:

பில் பாதி இல்லை, கியர்பாக்ஸ் ஆயில் மாற்றவில்லை என்பதே பேரம் பேசக் காரணம். டயர் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் பாருங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். ஆறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுச் செலவைக் கழித்துக் கேளுங்கள். ஸ்கேன் அறிக்கை கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கொடுக்கத்தான் வேண்டும் என்று நின்றால், சோதனையில் தேறாவிட்டால் திருப்பித் தருவதாக எழுதி வாங்கிக்கொண்டு 10,000-க்கு மேல் தராதீர்கள். 14.5-க்கு இறங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், இதே மாடல் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வந்துகொண்டுதான் இருக்கும்.