பரணிலிருந்து இறக்கிய பழைய லெகோ

பல வருஷம் பரணில் கிடந்த லெகோவை (ஒன்றோடொன்று பூட்டிக் கட்டுகிற பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகள்) எப்படிச் சுத்தம் பண்ணிச் சரிசெய்வது என்ற கேள்விக்கு, வேலூர்ப் பக்கத்து ஆட்கள் அவரவர் ஊர்ப் பெயரில் சொன்ன பதில்கள்:

காட்பாடி:
டப்பாவைத் திறந்ததும் பூட்டிக் கிடக்கிற பீஸ்களைப் பிடித்து இழுக்காதீங்க. மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற பரண், நம்ம ஊர் கத்திரியில் அடுப்புதான். ஒரு ராத்திரி ஃபேனுக்குக் கீழே ஆறட்டும். 2004-க்குப் பிறகு வந்த செம்பழுப்பு, கருஞ்சிவப்பு பீஸ்களை மட்டும் தனியா எடுத்து வையுங்க. அந்த இரண்டு நிறமும் நொறுங்குவதில் பேர்போனது. கிளிப் உள்ளதுதான் முதலில் போகும். ஒட்டிக்கொண்ட இரண்டு 2×4 பிளேட்டை (மேலே நாலு நாலா இரண்டு வரிசை குமிழ் உள்ள தட்டையான பீஸ்) பிரிக்க கத்தியும் வேண்டாம், பல்லும் வேண்டாம். மேலே ஒரு 2×4 பிரிக் (அதே அளவில் உயரமான பீஸ்), கீழே ஒன்று மாட்டினால் கைக்குப் பிடி கிடைக்கும். எதிரெதிராச் சாய்த்தால் வந்துவிடும்.

சத்துவாச்சாரி:
கழுவுற தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. மே மாத மதியத்தில் நம்ம மாடி டேங்க் தண்ணீரே அந்தச் சூட்டுக்கு வந்துவிடும், அதனால் விடியற்காலைத் தண்ணீர்தான் சரி. சின்ன பீஸ்களை வெங்காயம் வருகிற வலைப்பையில் கட்டி, பாத்திரம் தேய்க்கிற லிக்விட் நாலு சொட்டு விட்ட பக்கெட்டில் அரை மணி நேரம் ஊறப் போடுங்க. கடைசி அலசல் மட்டும் கேன் தண்ணீரில். போர் தண்ணீரில் அலசினால், காய்ந்ததும் கறுப்பு பீஸில் குமிழைச் சுற்றி வெள்ளை வளையம் நிற்கும். ஏற்கெனவே உப்புப் படிந்திருந்தால் வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு, பத்து நிமிஷம். காய வைப்பது நிழலில், பழைய வேட்டி மேல். முதலில் குழி கீழே பார்க்க, அப்புறம் புரட்டி. ஸ்டிக்கர் ஒட்டினது, மோட்டார், பேட்டரிப் பெட்டி எதுவும் தண்ணீர் பக்கமே போகக் கூடாது.

குடியாத்தம்:
பேட்டரிப் பெட்டின்னு சொன்னதால: 9 வோல்ட் பெட்டியில் ஆறு பென்டார்ச் செல். உள்ளேயே விட்டு வைத்திருந்தால் கசிந்திருக்கும். அல்கலைன் செல் கசிவுக்கு வினிகர் தொட்ட பட்ஸ். சாதா செல் கசிவுக்கு ஆப்பசோடாவைக் குழைத்துத் தேய்க்கணும். மாற்றிப் போட்டால் வேலைக்கு ஆகாது. பச்சை பிடித்த தகட்டை உப்புத்தாளில் லேசா உரசினால் போதும்.

ஆற்காடு:
வெள்ளை பீஸ் மஞ்சளடித்திருந்தால் மெடிக்கலில் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும். கையுறை கட்டாயம். கண்ணாடிப் பாத்திரத்தில் மூழ்க ஊற்றி வெயிலில் நாலைந்து மணி நேரம் வையுங்க. பீஸ் மிதக்கும், மேலே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்க்காவிட்டால் பாதி வெளுத்து பாதி மஞ்சளா, நடுவில் கோடு விழுந்து நிற்கும்.

சத்துவாச்சாரி:
அண்ணா, நம்ம ஊர் வெயிலில் நாலைந்து மணி நேரம் அதிகம். காலை ஏழிலிருந்து பத்து வரை வைத்து எடுத்துவிட்டு, மறுநாள் திரும்ப வைக்கலாம். நீலத்தை அதிக நேரம் விட்டால் திட்டுத் திட்டா வெளுக்கும். அச்சடித்த பீஸ், குரோம் பூசினது போடவே கூடாது. இவ்வளவு பாடுபட்டாலும் சில வருஷத்தில் மஞ்சள் திரும்பி வரும். என்னைக் கேட்டால், மஞ்சளோடவே விட்டுவிடுவது நல்லது.

காட்பாடி:
திரும்ப வைக்கும்போது பீரோவில் பாச்சை உருண்டை இருக்கானு பாருங்க. அதோட ஆவி இந்த பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ரப்பர் டயரைக் கழற்றித் தனிக் கவரில் போடுங்க, பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தால் தடம் விழும்.

எது குறையுதுன்னு பார்க்க நிறம் வாரியாப் பிரிக்காதீங்க. கறுப்புக் குவியலில் கறுப்பு 1×1 பிளேட் கண்ணுக்கே தெரியாது. வடிவம் வாரியாப் பிரிச்சா சீக்கிரம் முடியும். குமிழ் மேல லெகோ எழுத்து இல்லாதது வேற கம்பெனிச் சரக்கு, அதை அப்பவே ஒதுக்கிடுங்க. மாற்று வாங்கும்போது சாம்பல் நிறம்தான் சிக்கல்: 2004 வாக்கில் அது நீலம் கலந்த சாம்பலா மாறிடுச்சு. பழைய செட்டில் புதுசை வைத்தால் பளிச்சுனு காட்டிக்கொடுக்கும். கோட்டை மாதிரி செட்டா இருந்தால் உட்சுவரில் இருக்கிற பழைய சாம்பலை எடுத்து முன்பக்கம் போட்டு, புதுசை உள்ளே மறைச்சுடுங்க.