எடைக்கு வந்த நால்வர்

செவ்வாய்பேட்டைக்காரன்:

ஆளாளுக்குப் பழைய காமிக்ஸ் சிக்கின கதையை எழுதுறீங்க, என் பங்குக்கு இது.

காலேஜ் படிச்ச காலத்துல எங்க ஏரியா பழைய பேப்பர் கடையில எனக்குத் தனி மரியாதை. காமிக்ஸ் ஏதாவது வந்தா அண்ணன் ஓரமா எடுத்து வச்சிருப்பார். ஒரு நாள், ஏற்காட்டுல எஸ்டேட் பங்களா ஒண்ணைக் காலி பண்ணினாங்கன்னு ஒரு சாக்கைக் காட்டினார். மேல முழுக்கக் கணக்கு நோட்டும் இங்கிலீஷ் வாரப் பத்திரிகையும். அடியில அட்டை கிழிஞ்ச ஒரு ஃபென்டாஸ்டிக் ஃபோர் மறுபதிப்பு, அமெரிக்க மார்வெல் காமிக்ஸோட நாலு பேர் சூப்பர் ஹீரோ அணி. மத்த புத்தகத்தோட சேர்த்துத் தராசுல போட்டதால அதுக்குன்னு தனி விலைகூட இல்லை.

நாம வளர்ந்தது ஒண்டிக்கட்டை ஹீரோக்களோட. 1972ல முத்து காமிக்ஸ் முதல் இதழா வந்த இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கோங்க. மின்சாரத்தைத் தொட்டான், மறைஞ்சான், வேலையை முடிச்சான். வீட்டுல என்ன குழம்புன்னு யாரும் அவனைக் கேட்டதில்லை.

இந்த நால்வர் கதையே வேற. ரீட் ரிச்சர்ட்ஸ் பெரிய விஞ்ஞானி. சூ அவன் சம்சாரம். 1965 ஆண்டு மலர்ல கல்யாணம் ஆச்சு. ஜானி, சூவோட தம்பி. அப்போ ரீடுக்கு மச்சினன். பாறை உடம்பு பென், ரீடோட காலேஜ் ரூம்மேட். விண்வெளிக் கதிர் ஆபத்துன்னு பென் முன்னாடியே சொன்னான், கேட்காம ராக்கெட்டைக் கிளப்பினாங்க. கதிர் பட்டு நாலு பேர் உடம்பும் மாறிப் போச்சு. மத்த மூணு பேரும் நினைச்சா பழைய உருவத்துக்கு வந்துடலாம், பென்னால முடியாது. 1961 முதல் இதழ்ல ஆரம்பிச்ச அந்த மனத்தாங்கல்தான் பக்கத்துக்குப் பக்கம் சண்டையா வருது. 1962ல 9வது இதழ்ல ரீட் ஷேர் மார்க்கெட்ல பணத்தை விட்டுட்டு, சாமான்களை விக்கிற நிலைமைக்கு வந்துடுவாங்க. சூப்பர் ஹீரோ வீட்டுல கடன் தொல்லை! எனக்கு அங்கேதான் இவங்க மேல பிரியம் வந்தது.

என் கையில கிடைச்சது 1966ல வந்த கலாக்டஸ் கதையோட நடுப்பாகம், அதாவது 49வது இதழ். கிரகங்களைத் தின்கிற கலாக்டஸ் நியூயார்க்ல ஒரு மொட்டை மாடியில நிக்கிறான். நம்ம ஆளுங்க அடிக்கிற அடியை அவன் கண்டுக்கவே மாட்டேங்கிறான். அவனுக்கு முன்னாடி வந்து வழி காட்டின சில்வர் சர்ஃபரை பென் ஒரே குத்துல தூக்கி எறிஞ்சிருக்கான். சர்ஃபர் போய் விழுந்த இடம் பென்னோட காதலி அலீஸியா வீடு. பார்வை இல்லாதவ, சிற்பி.

அந்தக் காட்சிக்காகவே புத்தகத்தை எத்தனையோ தடவை புரட்டியிருக்கேன். அவ சாப்பிட எடுத்து வைக்கிறா. அவனுக்குச் சாப்பிடத் தெரியாது, வாயில வைக்காம அப்படியே சக்தியா மாத்திக்கிறான். இந்த உலகம் அழியப் போகுதுன்னு சாதாரணமா சொல்றான். அவ கோபப்படுறா, கெஞ்சுறா, இங்கே இருக்கிறவங்களும் உயிருங்கதானேன்னு கேட்கிறா. உலகத்தைக் காப்பாத்துற முக்கியமான திருப்பமே இதுதான். வெளியே நாலு பேர் அத்தனை சக்தியை வச்சுக்கிட்டுத் திண்டாட, எந்தச் சக்தியும் இல்லாத ஒருத்தி பேசியே அவன் மனசை மாத்துறா.

இந்த சர்ஃபர் எழுத்தாளர் ஸ்டான் லீ சொன்ன கதையிலேயே கிடையாது. ஓவியர் ஜாக் கிர்பி பக்கங்களை வரைஞ்சு அனுப்பினப்போ, பலகை மேல நின்னு பறக்கிற ஒருத்தன் இருந்தான். இவ்வளவு பெரிய ஆளுக்கு முன்னாடி போக ஒரு கட்டியக்காரன் வேணாமான்னு கிர்பியா சேர்த்தது. லீ கதைச் சுருக்கம் தருவார், கிர்பி வரைவார், அப்புறம்தான் வசனம். அந்த முறையில இப்படியெல்லாம் நடக்கும்.

முடிவு தெரியாமலே பல வருஷம் போச்சு. கடைசியில தொகுப்பு நூல்ல 50வது இதழைப் படிச்சா, பாதியிலேயே கலாக்டஸ் கிளம்பிட்டான். மீதிப் பக்கத்துல ஜானி காலேஜ்ல சேரப் போறான். உலகமே தப்பிச்ச கையோட மச்சினனுக்கு அட்மிஷன்!

மலைக்காத்து:

செவ்வாய்பேட்டை அண்ணா, அட்டை கிழிஞ்சதுக்கு ஆளைத் தேடாதீங்க. மலையில இருந்து வந்த புத்தகம்னா ராமபாணப் பூச்சி வேலையாத்தான் இருக்கும். நான் ஏற்காட்டுலேயே பிறந்து வளர்ந்தவ. மழைக்காலத்துல எங்க வீட்டு அலமாரிக்குள்ள துணியே பூஞ்சை பிடிக்கும், மட்டமான நியூஸ்பிரிண்ட் எம்மாத்திரம்? முதல்ல பின் துருப்பிடிக்கும், அந்தச் செம்பழுப்பு நடுப்பக்கத்துல இறங்கும். வெயில்ல காய வச்சா இன்னும் சீக்கிரம் மஞ்சளாகும். மரக்கூழ்ல இருக்கிற லிக்னின் வெளிச்சம் பட்டா அப்படித்தான். நான் நல்ல வெள்ளைத்தாள்ல சுத்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட டப்பாவுல வைக்கிறேன். தயவுசெஞ்சு செல்லோடேப் ஒட்டாதீங்க. பசை பழுப்பாகி எழுத்தையே மறைச்சுடும்.

என் கதை சின்னது. கோடை விழாவுக்கு வந்து எங்க பக்கத்து வீட்டுல தங்கின ஒரு குடும்பத்துப் பையன், ஊருக்குப் போறப்போ ஒரு கிளாசிக் எக்ஸ்-மென் கொடுத்துட்டுப் போனான். அதுவும் மார்வெல் சூப்பர் ஹீரோ அணிதான். 1975ல வந்த புது அணிக் கதைகளை 1986ல இருந்து மறுபடி போட்டாங்களே, அந்த வரிசை. கென்யாவுல இருந்து ஸ்டார்ம், ரஷ்யாவுல இருந்து கொலாஸஸ், ஜெர்மனியில இருந்து நைட்கிராலர். கூடவே அமெரிக்கப் பழங்குடியான அபாச்சி இளைஞன் தண்டர்பேர்ட். அணியில சேர்ந்த சூடு ஆறலை, மூணாவது கதையிலேயே வில்லன் தப்பிக்கிற விமானத்து மேல ஏறிக் கையாலேயே அடிக்கிறான். இறங்குடான்னு அணியைச் சேர்த்த பேராசிரியர் சேவியர் மனசு வழியா கத்துறார். கேட்கலை. விமானம் வெடிக்குது.

அடுத்த பக்கத்துல எங்கேயாவது குதிச்சிருப்பான்னு தேடினேன். எம்.ஜி.ஆர். படம் பார்த்து வளர்ந்த வீடுங்க எங்களுது, ஹீரோ செத்தா டிக்கெட் காசு திரும்பத் தரணும். ரெண்டு நாள் அந்தப் பையன் மேலதான் கோபம். அப்புறம் திரும்பப் படிச்சப்போதான் பிடிச்சது: அணின்னா எல்லாரும் திரும்பி வருவாங்கன்னு உத்தரவாதம் இல்லாததாலதான் அடுத்த சண்டையில எனக்கு வயிறு கலங்குச்சு.

குகை வாசி:

தம்பி, ஒண்டிக்கட்டைன்னு மொத்தமா தள்ளிட்டீங்களே, எங்க ஸ்பைடரை மறந்தாச்சா? ஸ்பைடர்மேன் இல்லை, பிரிட்டிஷ் காமிக்ஸ்ல வந்த ஸ்பைடர். 1984ல தொடங்கின லயன் காமிக்ஸ்ல அவன் வந்ததுல இருந்து நான் அவன் ஆளு. பெல்ஹாம், ஆர்டினின்னு கூடவே ரெண்டு பேர், அதுவும் அணிதான். சொல்லப்போனா திருட்டுக் கும்பல். குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாகணும்னு கிளம்பினவன்! பிற்காலக் கதைகளை எழுதினது யாரு? சூப்பர்மேனை உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தரான ஜெர்ரி சீகல். அது போகட்டும், அந்த 49வது இதழைக் கொஞ்சம் கண்ணால பார்க்கணும். கிர்பி வரைஞ்ச யந்திரங்களை அந்தக் காலத்துப் புள்ளிப்புள்ளி அச்சுல பார்த்தாத்தான் எனக்கு ருசி. இப்போ வர்ற வழவழத் தாள்ல கண்ணு கூசுது.

செவ்வாய்பேட்டைக்காரன்:

அண்ணே, ஸ்பைடரை மறக்கலை. ஆனா ஆர்டினியும் பெல்ஹாமும் முதலாளி சொன்னா கேட்கிற ஆளுங்க. பென் மாதிரி திருப்பிப் பேசுவாங்களா? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாங்க, எடுத்துட்டு வர்றேன். முதல்ல புத்தகம், அப்புறம்தான் தட்டுவடை செட். அதுல வைக்கிற பீட்ரூட் துருவல் ஒட்டின கையோட யாரையும் தொட விடமாட்டேன், நீங்களா இருந்தாலும்.