வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள்: அடுத்த வருஷத்துக்கு என்ன திட்டம் போட்டிருக்கிறீர்கள்?

திருவையாறு பக்கத்திலிருந்து (மகளுக்கு 11, மகனுக்கு 8)

ஏப்ரல் வந்தாலே எனக்கு ஒரு பைத்தியம் பிடித்துக்கொள்ளும். புதுச் சார்ட், நாலு கலர் ஸ்கெட்ச் பேனா, அடுத்த வருஷ டைம்டேபிள். போன வருஷம் போட்ட டைம்டேபிளைப் பார்த்தால் எந்தத் தலைமை ஆசிரியரும் கையெழுத்துப் போட்டுவிடுவார். காலை 9 மணிக்குத் தமிழ், 9.45க்குக் கணக்கு, 10.30க்கு இடைவேளை, மாலை மூன்றரை வரை போகும். மாமியார் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, "மணி அடிக்க ஆள் வெச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஆடிப்பெருக்கு வரைகூடத் தாங்கவில்லை. சின்னவன் பத்து மணிக்கே வாய்க்கால் பக்கம் ஓடிவிடுவான். பெரியவள் கதைப் புத்தகத்தைக் கணக்கு நோட்டுக்குள் வைத்துப் படிப்பாள். நான் குழம்பைத் தாளித்துக்கொண்டே கத்துவேன். ஒரு மாதம் நேரத்தைக் குறித்துவைத்துப் பார்த்தேன். உட்கார்ந்து உருப்படியாகப் படித்தது ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்தான். மீதி எல்லாம் சண்டை.

அப்புறம் மறு கோடிக்குப் போனேன். டைம்டேபிளும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம், ஆறும் வயலுமே பாடம் என்று இருந்துவிட்டேன். இதில் நல்லதும் நடந்தது, அதை மறைக்கவில்லை. பேப்பரில் தினமும் வரும் மேட்டூர் நீர்மட்டம், நீர்வரத்து, நீர்த்திறப்பு மூன்றையும் மகள் ஒரு நோட்டில் எழுதிவந்தாள். ஒரு நாள், "கன அடின்னா என்ன, டிஎம்சின்னா என்ன?" என்று கேட்டாள். இரண்டு பேரும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. விநாடிக்கு 20,000 கன அடி திறந்தால் ஒரு நாளில் போவது 172.8 கோடி கன அடி, அதாவது 1.728 டிஎம்சி. 120 அடி நிரம்பிய அணையில் இருப்பது 93.47 டிஎம்சி. வகுத்துப் பார்த்தால் வரத்தே இல்லாவிட்டால் 54 நாளில் அணை காலி. அவள் முகம் மாறிவிட்டது. "குறுவைக்கு 110 நாள் ஆகும்னு அப்பா சொன்னாரே, பாதியிலே தண்ணி நின்னுடுமா?" இந்தக் கேள்வி எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

அந்த மிதப்பில்தான் இருந்தேன், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஒரு ஆசிரியை வாசலுக்கு வந்தார். எனக்கு உள்ளுக்குள் திக்கென்றது. ஆனால் அவர் மிரட்டவில்லை, திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார். மகளைக் கூப்பிட்டு ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். அவள் தடதடவென்று வாசித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து, "ரெண்டு நாள் லீவு கேட்டு எனக்கு ஒரு லெட்டர் எழுதும்மா" என்றார்.

அவள் கால் மணி நேரம் பேனாவைக் கடித்தாள். அனுப்புநர், பெறுநர் ஒன்றும் இல்லை. எழுதியது இரண்டே வரி: "டீச்சர் எனக்கு லீவு வேணும். நான் ஸ்கூலுக்கே வரதில்லை." டீச்சர் சிரித்துவிட்டார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருஷம் முழுக்க அவள் படித்திருக்கிறாள், பேசியிருக்கிறாள், கணக்குப் போட்டிருக்கிறாள். மூன்று வரிக்கு மேல் எதையும் எழுதியதே இல்லை. எழுத்து என் திட்டத்தில் எங்கேயும் இல்லை என்பதை அந்த நிமிஷம்தான் பார்த்தேன்.

அதனால் இந்த முறை பாடத்தை விட்டுவிட்டு வாரத்தை எண்ண ஆரம்பித்திருக்கிறேன். 52 வாரத்தில் கத்திரி வெயிலுக்கு ஐந்து போயிற்று. குறுவை அறுப்பு, தாளடி நடவு என்று வீட்டில் ஒருவரும் உட்கார முடியாத மூன்று வாரம். ஐப்பசி கார்த்திகை மழைக்கு மூன்று. (வீட்டில்தானே படிக்கிறார்கள், மழைக்கு ஏன் லீவு என்று கேட்பீர்கள். மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டால் தெருப் பிள்ளைகள் மொத்தமும் எங்கள் திண்ணையில் இருக்கும். அந்த நேரத்தில் இவர்களை மட்டும் உள்ளே பிடித்து உட்காரவைக்க என்னால் ஆகாது.) பொங்கலுக்கும் சம்பா அறுவடைக்கும் மூன்று, கல்யாணம் காதுகுத்துக்கு இரண்டு, காய்ச்சலுக்கு இரண்டு. மிச்சம் 34 வாரம். வாரத்துக்கு நாலு நாள், நாளைக்கு இரண்டு மணி நேரம். மொத்தம் 272 மணி நேரம்தான் என் கையில் இருக்கிறது. இதற்குள் என்ன அடங்குமோ அதுதான் திட்டம்.

ஆறாம் வகுப்புப் பாடநூல் மூன்று பருவமாக இருப்பது வசதி. ஒரு பருவத்துக்குப் பதினோரு வாரம், கடைசியில் ஒரு வாரம் உதிரி. காலையில் முதல் அரை மணி எழுத்து மட்டும். மற்றவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?


மன்னார்குடி பக்கத்திலிருந்து (மகனுக்கு 13)

அக்கா, அந்த லீவு லெட்டரைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரியும் நானும் ரொம்ப நேரம் சிரித்தோம். எங்கள் கதையும் கிட்டத்தட்ட அதுதான், இடம் மட்டும் கணக்கு.

பையன் பின்னத்தில் முட்டிக்கொண்டு நின்றான். கூட்டல், கழித்தல் வரும். வகுத்தல் என்றால் அழுகை. முக்காலை அரைக்காலால், அதாவது எட்டில் ஒன்றால், வகு என்று இருந்தது. 'பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு' என்று நான் சொல்ல, ஏன் தலைகீழாக்கணும் என்று அவன் கேட்க, எனக்குப் பதில் தெரியவில்லை. உரக்கடை வைத்திருக்கிறேன், நாள் பூராவும் கணக்குப் போடுகிறவன்தான். இருந்தாலும் ஏன் என்றால் தெரியாது. கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த என் அப்பா கண்ணைத் திறக்காமலே, "முக்கால்ல எத்தனை அரைக்கால் இருக்கு? ஆறு" என்றார். அவ்வளவுதான். பையன் நிமிர்ந்து பார்த்தான். வகுத்தல் என்றால் 'இதில் அது எத்தனை' என்று கேட்பது என்பதே அவனுக்கு அன்றுதான் உறைத்தது.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் தாத்தாவிடம் அரை மணி. வீசம் பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று. நிலத்துக்கும் அதே பேர்தான் என்று அவனே கண்டுபிடித்தான்: இருபது மா ஒரு வேலி, அப்படியானால் ஒரு மா நிலம் வேலியில் இருபதில் ஒன்று. நூறு குழி ஒரு மா, ஒரு குழி 144 சதுர அடி. வேலிக்கு எத்தனை சதுர அடி என்று போட்டு, 2,88,000 என்று வந்ததும் ஏக்கராக மாற்றினான். ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே வந்தது. பத்திரத்தில் இருந்ததைவிட நம் நிலம் குறைவாக இருக்கிறதே என்று ஒரு புதுப் பஞ்சாயத்தையும் கிளப்பிவிட்டான், அது வேறு கதை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. தாத்தா கணக்கு பரீட்சைக்கு அப்படியே உதவாது. இது எனக்குச் சூடு பட்டுத் தெரிந்தது. உங்கள் மகளுக்குப் பதினொரு வயதுதான், இப்போதே தேர்விலிருந்து பின்னோக்கித் திட்டம் போடுங்கள். எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப் பன்னிரண்டரை வயது முடிந்திருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஐந்தும் உண்டு. அப்புறம் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு என்றால் அறிவியல் செய்முறைக்குத் தனியாகப் பெயர் பதிந்து, ஒரு பள்ளியில் பயிற்சிக்குப் போய்வர வேண்டும். இதைக் கடைசி நேரத்தில் தெரிந்துகொண்டு அல்லாடியவர்களை எனக்குத் தெரியும். இன்னொரு வழி என்ஐஓஎஸ், தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1989இல் தொடங்கியது. அதில் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்குக் குறைந்தபட்ச வயது 14, ஐந்து பாடம் போதும்.

நான் எட்டாம் வகுப்புக்கு விண்ணப்பிக்கும் தேதியைக் கோட்டைவிட்டேன். கடையில் யூரியா லோடு இறங்கிய வாரம் அது. அப்புறம் தட்கலில் கூடுதல் பணம் கட்டி, மூச்சு வாங்க ஓடிப் பதிவு செய்தோம். அதனால் எங்கள் காலண்டரில் இப்போது சிவப்பு மையில் இருப்பது பாடமல்ல, தேர்வுத்துறை அறிவிப்பைப் பார்க்க வேண்டிய நாள்.


வேதாரண்யத்திலிருந்து (மகளுக்கு 7)

என் தப்பு பணத்தால் ஆன தப்பு. நமக்கு ஆங்கிலம் வராதே, ஆயத்தமாக வாங்கிவிடுவோம் என்று வெளிநாட்டுப் பாடப்பெட்டி ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். பெட்டி அழகுதான். உள்ளே முதல் பாடமே பனிமனிதன். இலையுதிர்காலத்தில் சிவந்த இலைகளைப் பொறுக்கி ஒட்டச் சொல்லியிருந்தது. எங்கள் தெருவில் இருப்பது பனையும் சவுக்கும். அதுகூடப் பரவாயில்லை, பணக் கணக்கில் அவர்கள் ஊர்ச் சில்லறை. என் மகள் சத்தமாக, "அம்மா, ரெண்டு குவார்ட்டர் சேர்ந்தா எவ்ளோ?" என்று கேட்க, வாசலில் இருந்த என் அப்பா துண்டை உதறிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். நான் காசை எடுத்துக் காட்டி விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தை இறக்கி, ஜெராக்ஸ் போட்டு, அவளும் நானும் சேர்ந்தே படிக்கிறோம். எனக்குத் தெரியாததை அவளிடமே தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். இருவரும் போனில் உச்சரிப்பைக் கேட்போம்.

இந்த வருஷம் ஒரு காரியம் மட்டும் பெரிதாக வைத்திருக்கிறேன். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து இங்கே உப்பெடுக்க நடந்துவந்தது. ஏப்ரல் 13 கிளம்பி 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து, 30ஆம் தேதி உப்பை அள்ளினார்கள். அந்த நாட்களிலேயே தினமும் ஒரு ஊர் என்று வரைபடத்தில் நகர்ந்தால் வரலாறு, பூகோளம், தூரக் கணக்கு மூன்றும் ஒன்றாகப் போகும். கடைசி நாள் உப்பளத்துக்கு நடந்தே போவோம். உப்பளத்தில் வேலை செய்யும் என் சித்தப்பா பாத்தி கட்டுவதைக் காட்டுகிறேன் என்றிருக்கிறார். காலையில் ஆறு மணிக்கே வரச் சொன்னார், அதுதான் இடிக்கிறது.


மயிலாடுதுறையிலிருந்து

நான் கொஞ்சம் மாறுதலாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் இரண்டு வருஷம் வீட்டில் படிக்கவைத்துவிட்டு, மகனைத் திரும்ப அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டோம். பாடத்தில் குறை இல்லை. சாயங்காலம் நாலு மணிவரை தெருவில் அவன் வயதில் ஒரு பிள்ளையும் கிடையாது. ஆட்டுக்குட்டியோடு பேசிக்கொண்டிருப்பான். ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அன்றே முடிவெடுத்தோம்.

சேர்க்கப் போனபோது டிசி எங்கே என்றார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி டிசி வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். அதைச் சொல்லிச் சண்டை போடத் தயாராகப் போயிருந்தேன். ஆனால் சண்டைக்கு வேலை வரவில்லை. மகனின் நோட்டுகளை மேஜையில் வைத்தேன். என் மனைவி ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டிருந்தாள். புரட்டிப் பார்த்துவிட்டு ஏழாம் வகுப்பில் உட்காரவைத்தார்கள். அதனால் எதைத் திட்டத்தில் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், தேதியைப் போட்டுவிடுங்கள்.


திருவையாறு பக்கத்திலிருந்து, மறுபடியும்

மயிலாடுதுறை அண்ணா, கோபம் எல்லாம் இல்லை. வெள்ளிக்கிழமையை நான் காலியாக விட்டிருப்பது அதற்குத்தான். பக்கத்து ஊரில் வீட்டில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், அன்றைக்கு ஒன்றாகச் சேர்ப்பதாகப் பேச்சு. தேதி யோசனையை இன்றே பிடித்துக்கொண்டேன். போன வருஷ நோட்டு ஒன்றில்கூடத் தேதி இல்லை, மேட்டூர் நோட்டைத் தவிர.

மன்னார்குடி தம்பி, பன்னிரண்டரை வயதுக் கணக்கைக் காலண்டரில் குறித்துவிட்டேன். அப்புறம், உங்கள் அப்பாவின் கேள்வியை நேற்று ராத்திரி சாப்பிடும்போது மகளிடம் கேட்டேன், முக்காலில் எத்தனை அரைக்கால் என்று. அவள் பேப்பரைத் தேடி எழுந்தாள். அடுப்படியில் ரசத்தை இறக்கிக்கொண்டிருந்த மாமியார், ஐந்தாம் வகுப்போடு நின்றவர், திரும்பிக்கூடப் பார்க்காமல் "ஆறு" என்றார்.