கேக் அடுக்குகளை ஆறவைப்பதும் அலங்கரிக்கும்வரை வைத்திருப்பதும்: ஐயம்

மதுரை அடுப்படி:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு மாலை எங்கள் அக்காள் மகளுக்கு முதல் பிறந்தநாள். 8 அங்குல டின்னில் மூன்று அடுக்காக வெனிலா பட்டர் கேக் சுட்டு, பட்டர்க்ரீம் பூசலாம் என்றிருக்கிறேன். சனிக்கிழமை பகலில் உறவினர்கள் வந்துவிடுவார்கள் என்பதால், வெள்ளி இரவே அடுக்குகளைச் சுட்டு முடித்து, சனி இரவு அலங்கரிப்பதாகத் திட்டம். இடைப்பட்ட அந்த ஒரு நாள்தான் என்னுடைய கவலை. சூடாக இருக்கும்போதே கிளிங் ஃபிலிமில் சுற்றினால்தான் ஈரப்பதம் தங்கும் என்று சிலரும், அப்படிச் சுற்றினால் கேக் நசநசத்துவிடும் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். ஆறிய பிறகு மேசையிலேயே வைக்கலாமா, ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டுமா? மே மாத வெயிலில் எங்கள் சமையலறை பகலில் 35 டிகிரிக்குக் குறைவதில்லை. ஃப்ரிட்ஜிலோ இட்லி மாவும் மீன் குழம்பும் இல்லாத நாளே கிடையாது.

வீட்டு பேக்கர்:

முதலில் ஆறவைப்பதைப் பார்ப்போம், ஏனென்றால் பாதிச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அவனிலிருந்து எடுத்தவுடன் கேக்கின் உட்பகுதி இன்னும் இறுகியிருக்காது. அப்போதே கவிழ்த்தால் நடுவில் பிளந்துவிடும். அதற்காக டின்னிலேயே முழுக்க ஆறவிட்டால், வெளியேற வழியில்லாத நீராவி அடியிலும் ஓரங்களிலும் நீராகத் தங்கி, அந்தப் பகுதி பிசுபிசுப்பாகிவிடும். ஆகவே 10 முதல் 15 நிமிடம் வரை டின்னில் விட்டு, ஓரத்தை ஒரு மெல்லிய கத்தியால் சுற்றி விடுவித்து, கம்பித் தட்டின் மீது கவிழ்த்துவிடுங்கள். அடியிலும் காற்றுப் படுவதற்காகத்தான் கம்பித் தட்டு. அது இல்லாதவர்கள் ஆழமில்லாத இரண்டு கிண்ணங்களின் மீது சல்லடையை வைத்துச் சமாளிக்கலாம். மேற்பகுதி லேசாகப் புடைத்திருந்தால், அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஆறவையுங்கள். தன் எடையிலேயே சற்றுச் சமனாகும். ஆனால் மேல்தோல் ஒட்டும் தன்மையுடன் இருந்தால் கம்பியில் பிடித்துக்கொள்ளும் என்பதால் ஒரு பட்டர் பேப்பரை இடையில் போடுங்கள்.

மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். சீக்கிரம் ஆறுவது போலத் தெரியும். உண்மையில் மேல்தோல்தான் காய்ந்துபோகும். 8 அங்குல அடுக்கு ஒன்று முழுதாக ஆற ஒரு மணி நேரமாவது ஆகும், மதுரை வெயிலில் இன்னும் கூடுதலாகவே ஆகலாம். மேல்தோலைத் தொட்டு முடிவு செய்யாமல், அடிப்பக்கத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அங்கே வெதுவெதுப்பு சிறிதும் இல்லை என்றால்தான் கேக் ஆறியிருக்கிறது. பிறகு ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக, காற்றுப் புகாமல், கிளிங் ஃபிலிமில் இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள். சூட்டோடு சுற்றச் சொல்பவர்கள் பெரும்பாலும் சுற்றிய கையோடு ஃப்ரீசரில் வைப்பவர்கள். மேசையில் வைக்கப்போகிறவர்களுக்கு அந்த முறை பொருந்தாது. உள்ளே முத்து முத்தாக நீர் கோத்து, நம் ஊர்ச் சூட்டில் பூஞ்சை பிடிக்க வழி செய்துவிடும்.

சாக்லேட் பிரியை:

எதற்கு இவ்வளவு யோசனை என்று எனக்குப் புரியவில்லை. நான் எப்போதும் அடுக்குகளைச் சுற்றி ஃப்ரிட்ஜில்தான் வைக்கிறேன். மறுநாளும் பஞ்சு போலவே இருக்கிறது. இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

உணவியல் ஆசிரியர்:

சகோதரி, உங்கள் சாக்லேட் கேக் எண்ணெய் சேர்த்துச் செய்தது என்று நினைக்கிறேன். எண்ணெய் ஃப்ரிட்ஜின் குளிரிலும் பெரும்பாலும் இளகிய நிலையிலேயே இருப்பதால் கேக்கும் மெதுவாக இருக்கிறது. வெண்ணெய் அப்படியல்ல, குளிரில் கட்டியாகி, கேக்கையும் இறுக்கிவிடும். அறை வெப்பத்துக்கு வந்தால் அந்த இறுக்கம் தளர்ந்துவிடும் என்பது உண்மைதான்.

அதைவிட முக்கியமான வேறொரு காரணம் இருக்கிறது. சுடும்போது நீரை உறிஞ்சி உப்பிய மாவுச்சத்து, ஆறிய பிறகு மெல்ல மெல்ல மறுபடியும் படிகமாக இறுகத் தொடங்குகிறது. பழைய ரொட்டி வறண்டு உதிர்வதும் முக்கியமாக இதனால்தான். இந்த மாற்றம் ஃப்ரிட்ஜின் 4 டிகிரி வாக்கில்தான் வேகமாக நடக்கிறது. ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆகவே கேக் அடுக்குகளை நாள் கணக்கில் வைப்பதற்கு ஃப்ரிட்ஜைவிட ஃப்ரீசரே சிறந்த இடம். கேள்வி கேட்டவருக்கு என் யோசனை இதுதான்: ஆறிய அடுக்குகளைக் கிளிங் ஃபிலிமில் இரண்டு சுற்று, அதன் மேல் அலுமினியத் தாளில் ஒரு சுற்று என்று சுற்றி, வெள்ளி இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். மீன் குழம்பு வாசனைக்கும் இந்த அலுமினியத் தாள்தான் தடுப்பு. பாலேடு, கஸ்டர்டு போன்றவை உள்ளே வைத்த கேக்கை மட்டும், வறண்டாலும் பரவாயில்லை என்று ஃப்ரிட்ஜில்தான் வைத்தாக வேண்டும்.

மதுரை அடுப்படி:

விளக்கத்துக்கு மிக்க நன்றி, ஐயா. எங்களுடையது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் என்பதால் ஃப்ரீசரில் இரண்டு அடுக்குகளுக்குத்தான் இடமிருக்கும். மூன்றாவதை என்ன செய்வது? ஃப்ரீசரிலிருந்து எடுத்தால் கேக் வியர்த்துப் போகாதா?

வீட்டு பேக்கர்:

மூன்றாவதைச் சுற்றியபடியே, வீட்டில் வெயில் படாத அறையில் வைத்துவிடுங்கள். க்ரீமோ பழமோ சேராத வெறும் பட்டர் கேக் ஒரு நாள் தாங்கும். வாழைப்பழக் கேக், கேரட் கேக் என்றால் இந்த வெயிலில் அப்படி வைக்கச் சொல்லமாட்டேன். எறும்பு வரும் வீடு என்றால், தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் கேக்கை வையுங்கள். சனிக்கிழமை அலங்கரிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு அதை மட்டும் ஃப்ரிட்ஜில் வைத்தெடுத்தால், புடைத்த பகுதியைச் சீவும்போது அதிகம் உதிராது.

ஃப்ரீசரில் வைத்தவற்றை எடுத்தவுடன் உறையைப் பிரிக்காதீர்கள். காற்றின் ஈரம் உறையின் மேல்தான் வியர்க்க வேண்டும், கேக்கின் மேல் அல்ல. ஒரு மணி நேரம் அப்படியே வெளியே விட்டு, வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டுப் பிரியுங்கள். நடுப்பகுதி சில்லென்று இருக்கும்போதே சீவி, சர்க்கரைப் பாகு தடவி அடுக்கி, முதல் பூச்சைப் பூசிவிடலாம். வெண்ணெய் 32 டிகிரிக்கு மேல் உருகத் தொடங்கிவிடும் என்பதால், ஏ.சி. உள்ள அறை இருந்தால் அங்கேயே பூசுங்கள். பூசி முடித்த கேக்கை ஃப்ரிட்ஜில் வைக்கத்தான் வேண்டும்; ஞாயிறன்று வெட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் வெண்ணெய் இளகிவிடும்.