கலைச்சொல்: ஓவியர் கையாளும் கூழை ‘நார்க்கூழ்’ எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கைத்தாள், அதாவது ஆலையின்றிக் கையால் எடுக்கும் காகிதம், செய்வதற்கான கூழையே ஊடகமாகக் கொண்டு ஓவியமும் புடைப்புருவமும் செய்யும் முறைக்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்ற வினாவுக்குக் காகிதக்கூழ், தாட்கூழ், இழைக்கூழ் என்று மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றையும் எண்ணிப் பார்த்தபின் ‘நார்க்கூழ்’ என்ற நான்காவது சொல்லை முன்வைக்கிறேன். ஏன் என்று விளக்க, அந்தப் பொருள் எவ்வாறு இறுகி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

காகிதக்கூழ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பண்ருட்டிப் பொம்மையும் நவராத்திரிக் கொலுவும்தான். அங்கே பழைய தாளை ஊறவைத்து அரைத்து, பசையும் சுண்ணப்பொடியும் சேர்த்துப் பிசைந்து, அச்சில் அழுத்தி உலர்த்துகிறார்கள். அந்தப் பொம்மையை உருக்குலையாமல் பிடித்துவைப்பது பசை. கைத்தாள் கூழிலோ பசைக்கு அந்த வேலை இல்லை. பருத்திக் கந்தலையோ வாழைநாரையோ நீரில் ஊறவிட்டு அடிக்கும்போது ஒவ்வொரு நாரின் மேற்புறமும் சிலிர்த்து, நீரை உள்ளிழுத்து உப்புகிறது. பிறகு நீர் வடிந்து உலர உலர நார்கள் ஒன்றையொன்று நெருங்கி ஹைட்ரஜன் பிணைப்பால் தாமே பற்றிக்கொள்கின்றன. தொட்டியில் இருக்கும்போது 100 பங்கில் 98 பங்குக்கு மேல் வெறும் தண்ணீராக இருக்கும் ஒரு கலவை, வேறு எதன் துணையும் இன்றி உறுதியான தாளாகிவிடுவது இதனால்தான். பசையால் நிற்பது ஒன்று, தன்னால் நிற்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் மாணவர் முதல் நாளே தவறான இடத்தில் தொடங்குவார். நான் அப்படித்தான் தொடங்கினேன். காகிதக்கூழ் என்ற சொல்லை நம்பி, பழைய வேட்டித் துணியை மிக்சியில் அரைத்து மைதாப் பசை கலந்து, சட்டமிட்ட வலையால் கூழை அள்ளித் தாள் எடுக்க முயன்றேன். வலையின் கண்கள் அடைத்துக்கொண்டு நீர் வடியவே இல்லை. மிக்சியின் கத்தி நாரை நறுக்குமே தவிர நைக்காது என்பதையும் அதன் பிறகே அறிந்தேன்.

ஆகவே காகிதக்கூழ் என்ற சொல்லைப் பொம்மைக் கலைஞர்களிடமே விட்டுவிடுவது முறை என்று கருதுகிறேன். ஆலைத்தொழிலிலும் அச்சொல் வழங்குகிறது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அங்கே மரக்கூழ், கரும்புச் சக்கைக் கூழ் என்று மூலப்பொருளைக் கொண்டு பெயரிடும் வழக்கமும் உண்டு. நார்க்கூழ் அந்த வரிசையில் இயல்பாகவே சேர்ந்துகொள்ளும்.

தாட்கூழ் எனக்கும் பிடித்த சொல்தான். தாள் என்பதற்குப் பயிரின் தண்டு என்ற பழம்பொருளும் இருப்பதால், செடியிலிருந்து வரும் கூழுக்கு அது இரட்டைப் பொருத்தம் உடையது. ஆனால் புணர்ச்சியில் தாள் மறைந்துபோகிறது. செவியில் விழும்போது பொருள் உடனே விளங்குவதில்லை. அதைவிட முக்கியமான தடை ஒன்று உண்டு. இக்கலைஞர்களில் பலர் தாளே எடுப்பதில்லை. கூழை ஊற்றுகிறார்கள், பிழிகிறார்கள், கம்பிக் கூட்டின்மேல் போர்த்துகிறார்கள். ஆகவே தாளை இலக்காகக் கொண்ட பெயர் அவர்கள் வேலையைக் குறுக்கிவிடும். இழைக்கூழைப் பொறுத்தவரை, நூலிழை, ஒளியிழை என்று நீண்டு ஓடும் ஒன்றையே இழை என்கிறோம்; கூழில் இருப்பவையோ சில மில்லிமீட்டர் நீளமே உள்ள துணுக்குகள். நாருக்கும் இக்குறை ஓரளவு உண்டு, பருத்தியை நார் என்று பேச்சில் யாரும் சொல்வதுமில்லை. எனினும் ஓவியர் ஒருவர் பட்டறைக்குள் நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி “எந்த நார்?” என்பதுதான். பருத்திக் கூழ் அதிகம் சுருங்காமல் அச்சின் வடிவத்தை அப்படியே ஏற்கும். நம் வாழையின் உறவான மணிலா வாழையின் நாரை நெடுநேரம் அடித்தால், உலரும்போது வெகுவாகச் சுருங்கி, ஒளி ஊடுருவும் தோல்போல் ஆகிவிடும். உருவத்தைத் தீர்மானிப்பது நார் என்னும்போது பெயரிலும் அது இருக்கட்டும்.

அடுத்தது, இதைக்கொண்டு செய்யும் படைப்புகளுக்கான சொற்கள். ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி 1978-இல் நியூயார்க் மாநிலத்தில் அச்சுக்கலைஞர் கென்னத் டைலரின் பட்டறையில் நீச்சல்குளப் படங்களைச் செய்தபோது, ஈரத்தாளின்மேல் வண்ணக்கூழை ஊற்றி அழுத்தினார். வண்ணமும் அதைத் தாங்கும் தளமும் ஒரே பொருளாகி, ஒன்றாகவே உலர்ந்தன. இதைக் ‘கூழோவியம்’ எனலாம். ஆனால் 1970-களில் சாந்திநிகேதனில் சிற்பியும் அச்சோவியருமான சோமநாத் ஹோர் செய்த ‘காயங்கள்’ வரிசையை ஓவியம் என்று சொல்ல மனம் வரவில்லை. களிமண் பலகையைக் கீறியும் சுட்டும் புண்படுத்தி, அதிலிருந்து சிமென்ட் அச்சு எடுத்து, அந்த அச்சில் வெள்ளைக் கூழை அழுத்தினார். வண்ணமே ஏறக்குறைய இல்லை. வெள்ளைத் தாளின் மேனியில் வடு மட்டும் தெரியும். 1943-இன் வங்கப் பஞ்சத்தை நேரில் கண்டு வரைந்தவரின் கைக்கு, மைபூசி அச்சிடும் தாளைவிடத் தானே காயம் தாங்கும் தாள் தேவைப்பட்டது என்று எனக்குத் தோன்றும். இம்முறைக்குக் ‘கூழ்வார்ப்பு’ என்ற பரிந்துரை வந்துள்ளது. வார்ப்பு என்றால் உருக்கி ஊற்றுவது என்ற எண்ணம் நம் மொழியில் ஆழப் பதிந்திருப்பதால், அழுத்திப் பதிப்பதற்குக் ‘கூழச்சு’ என்பதே நேர் என்பது என் கருத்து.

என் பிரிவினைக்குள் அடங்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ரவுஷென்பெர்க் 1975-இல் அகமதாபாதில் தங்கிச் செய்த படைப்புகளில் கந்தல் கூழோடு வெந்தயப்பொடி, புளியங்கொட்டை மாவு, சுண்ணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்தார். அது நாராலும் நிற்கிறது, பசையாலும் நிற்கிறது. அதைப் ‘பசைநார்க்கூழ்’ என்று சொல்லிக்கொள்ளலாம். நீளம்தான், ஆனால் பொருள் பிசகவில்லை.

இனி இரு வினைச்சொற்கள். தாள் எடுக்கும் முன், அடியில் படிந்த நார் மேலெழுந்து பரவத் தொட்டியைக் கையால் கலக்குவார்கள். இதற்குப் புதுச்சொல் வேண்டியதில்லை. “சிறுகை அளாவிய கூழ்” என்ற குறள் தொடரில் கையும் கூழும் வினையும் சேர்ந்தே இருக்கின்றன. ‘அளாவுதல்’ என்றே வைத்துக்கொள்வோம். நாரை அடிக்கும் வேலைக்கு ‘அரைத்தல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது மிக்சியின் வேலை. உலக்கையாலோ உருளையாலோ நசுக்கி நாரின் மேற்புறத்தைச் சிலிர்க்கச் செய்வதற்கு ‘நைத்தல்’ என்ற சொல் இருக்கிறது. பழந்துணி நைந்துபோயிற்று என்று வீட்டில் சொல்கிறோமே, அதே சொல்தான். கைத்தாளுக்கு ஏற்ற துணியும் அப்படி நைந்த பருத்தித் துணியே. இவ்விரு வினைகளுக்கும் உங்கள் பகுதியில் வேறு சொல் வழங்குமானால் அறியத் தாருங்கள். முடிவு செய்யும் முன் அவற்றையும் எடைபோட விரும்புகிறேன்.