மூடுபனி கேள்வியில் என் விடை எப்படித் தப்பு?

மாடியறைவாசி:
வணக்கம். டெல்லி கரோல்பாக்கில் தங்கி சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்கிறேன். சிசாட் (திறனறித் தேர்வு) தாளில் கணக்கு எப்படியோ வந்துவிடுகிறது, லாஜிக்தான் காலை வாருகிறது. தப்பு ஒன்றுக்கு 0.83 மதிப்பெண் போகிறதே! நேற்று மாதிரித் தேர்வில் வந்தது இது:

"மூடுபனி இருந்தால் ரயில் தாமதமாகும். இன்று ரயில் தாமதம்."

'இன்று மூடுபனி' என்று போட்டேன். 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்கிறது விடைத்தாள். ஜனவரியில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்குக் காத்துக் கிடந்தவன் நான். பனி இல்லாமல் வேறென்ன?

பழைய தேர்வர்:
இன்ஜின் பழுது, சிக்னல் கோளாறு, எதுவும் இருக்கலாம். உங்கள் ஜனவரியை ஹாலுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

ஆர்.கே.புரம் அக்கா:
தம்பி, கேள்வியில் இல்லாத ஒரு 'தான்' உங்கள் காதில் விழுகிறது. 'பனி இருந்தால் தாமதம்' என்பதை 'பனி இருந்தால்தான் தாமதம்' என்று படித்துவிட்டீர்கள்.

நெருப்பில்லாமல் புகையாது என்கிறோம். அதனால் புகையைப் பார்த்தால் நெருப்பு உண்டு எனலாம். நெருப்பைப் பார்த்துப் புகை உண்டு என்றால் கேஸ் அடுப்பு சிரிக்கும். மணிமேகலை 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகளும் மலையில் புகை, ஆகவே நெருப்பு என்றுதான் காட்டுகிறார். அதற்கு அவர் சொல்லும் உதாரணம் அடுக்களை. (விறகடுப்புக் காலம்!)

மாடியறைவாசி:
சரி அக்கா. ரயில் நேரத்துக்கு வந்தால், பனி இல்லை எனலாமா?

ஆர்.கே.புரம் அக்கா:
தாராளமாக. பனி இருந்திருந்தால் தாமதமாகியிருக்க வேண்டுமே. ஆனால் 'பனி இல்லை, ஆகவே நேரத்துக்கு வரும்' என்று போட்டால் மறுபடி 0.83.

பழைய தேர்வர்:
ஆங்கிலக் கேள்வியில் 'ஒன்லி இஃப்' (only if) வந்தால் மட்டும் அந்தத் 'தான்' நிஜமாகவே இருக்கிறது. டிக்கெட் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். அப்படியென்றால் உள்ளே இருப்பவரிடம் டிக்கெட் உண்டு. டிக்கெட் வைத்திருப்பவர் உள்ளேதான் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருக்கலாம். 'இஃப்' என்ற சொல்லைப் பார்த்ததும், எதிலிருந்து எது வரும் என்று காட்டும் அம்புக்குறியைத் திருப்பிப் போட்டு நானே ஒரு வருடம் கோட்டை விட்டேன்.

மாடியறைவாசி:
பழைய தாளை இப்போது எடுத்துப் பார்த்தேன். ஏழு தப்பில் ஐந்து இந்தத் 'தான்'தான். மீதி இரண்டும் 'அன்லெஸ்' (unless, 'இல்லாவிட்டால்'). அதற்கு நாளை வருகிறேன், அக்கா.